அமீபா எதைப் பிடித்துக்கொள்கிறது? 2007 அமெரிக்கக் கண் தொற்று: ஒரு நிகழ்வு ஆய்வு

சிகாகோவிலுள்ள இலினாய் பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவப் பிரிவுக்கு 2003 முதல் ஒரே மாதிரியான நோயாளிகள் அடிக்கடி வரத் தொடங்கினார்கள். பெரும்பாலும் சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள். கண் சிவந்திருக்கும், நீர் வடியும், வெளிச்சத்தைத் தாங்க முடியாது. மருத்துவர் கருவியில் வைத்துப் பார்த்தால் கருவிழியின் (கண்ணின் முன்புறத்திலுள்ள தெளிந்த படலமான கார்னியாவின்) மேற்பரப்பில் லேசான கலங்கல் மட்டும் தெரியும். வலியோ இரவெல்லாம் தூங்கவிடாது. கண்ணில் தெரியும் புண்ணுக்கும் நோயாளி சொல்லும் வலிக்கும் இடையே பொருத்தமே இருக்காது. அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி கருவிழிக்குள் புகுந்திருப்பதற்கு இது ஒரு முக்கிய அடையாளம். பழக்கமில்லாத மருத்துவர் இதை ஹெர்பீஸ் வைரஸ் புண் என்று எண்ணி வாரக்கணக்கில் அதற்கான மருந்தைக் கொடுப்பார். அந்த வாரங்களில் அமீபா உள்ளே இறங்கிவிடும்.

அபூர்வமான நோய் இது. 1980களின் கணக்குப்படி அமெரிக்காவில் லென்ஸ் அணியும் பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஓரிருவருக்குத்தான் வந்தது. அப்படியிருக்க, 2003க்கும் 2005க்கும் இடையில் ஒரே மருத்துவமனையில் சுமார் 40 பேர். அந்தப் பிரிவின் ஷார்லட் ஜாஸ்லின், எல்மர் டூ இருவரும் சேர்ந்த குழு இதைத் தற்செயல் என்று விட்டுவிடாமல் எண்ணிப் பார்த்து எழுதி வைத்தது. பின்னால் நாடு முழுவதும் நடந்த விசாரணைக்கு வித்திட்டது அந்தப் பதிவுதான்.

இந்த நிகழ்வைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும், 2007இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட, லென்ஸை ஊறவைத்துக் கிருமி நீக்கும் ஒரு கரைசலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கரைசலுக்குப் பங்கு உண்டு, அதில் ஐயமில்லை. ஆனால் அமீபா எந்தெந்தப் பரப்பைப் பற்றிக்கொண்டு குழாயிலிருந்து கருவிழிவரை வந்து சேர்ந்தது என்று பார்க்காவிட்டால், அந்தக் கரைசல் ஏன் தோற்றது என்பது விளங்காது. திரும்பப் பெற்ற பிறகும் நோய் ஏன் நிற்கவில்லை என்பதும் விளங்காது. ஆகவே இந்த ஆய்வை ஒட்டுதலை மையமாக வைத்தே எழுதுகிறேன்.

உயிரியைப் பற்றிச் சுருக்கமாக

அகாந்தமீபாவை முதலில் கவனித்தவர் ஆல்டோ காஸ்டெல்லானி, 1930இல், ஈஸ்ட் வளர்ப்பு ஒன்றில் தானாக வந்து சேர்ந்த உயிரியாக. அதற்குப் பல ஆண்டுகள் முன்பு கொழும்பில் நுண்ணுயிரியல் ஆய்வகத்தை நடத்தி, பறங்கிப்புண் நோயின் கிருமியை 1905இல் கண்டவரும் இவரே. மண், ஆறு, குளம், நீச்சல் குளம், வீட்டுக் குழாய், குளிரூட்டியின் நீர்த்தட்டு என்று எங்கும் இருக்கும் உயிரி அகாந்தமீபா. பாக்டீரியாவைத் தின்று வாழ்கிறது. மனிதரைத் தேடி அலையும் ஒட்டுண்ணியல்ல. வாய்ப்புக் கிடைத்தால் ஒட்டுண்ணியாக மாறிக்கொள்வது. ஆரோக்கியமான பெரும்பாலோரின் ரத்தத்தில் அதற்கெதிரான எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன. எல்லோரும் அதைச் சந்தித்தவர்கள்தாம் என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டு வடிவங்களில் வாழ்கிறது. நகர்ந்து தின்னும் இயங்கு வடிவம் 15 முதல் 45 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவு. அதன் உடலெங்கும் மெல்லிய முட்கள் போன்ற நீட்சிகள் புறப்பட்டுப் புறப்பட்டு உள்வாங்கும். பரப்பைத் தொட்டுப் பார்ப்பதும் பற்றுவதும் இந்த நீட்சிகளால்தான். உணவில்லை, ஈரமில்லை, நஞ்சு கலந்திருக்கிறது என்றால் அமீபா சுருண்டு, இரட்டைச் சுவர் கொண்ட உறைக்கூடாக மாறிவிடும். உட்சுவரில் செல்லுலோஸ் உண்டு. குளோரின், வறட்சி, குளிர் எதற்கும் எளிதில் மசியாது. ஆய்வகத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் கிடந்த கூடுகளிலிருந்து உயிருள்ள அமீபா வெளிவந்திருக்கிறது.

முதல் சந்தேகம் தண்ணீர்மேல்

சிகாகோ குழுவின் கண் முதலில் போனது குடிநீர்மேல். நோயாளிகளின் முகவரிகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது, நகரம் அமைந்துள்ள குக் கவுண்டியைவிட (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது)ச் சுற்றியுள்ள டுபேஜ், லேக், வில் ஆகிய கவுண்டிகளில் நோய் விகிதம் அதிகமாக இருந்தது. மிச்சிகன் ஏரி நீர் நெடுந்தூரக் குழாய்களில் புறநகர்களுக்குப் போகிறது. போகப் போக அதில் எஞ்சும் குளோரின் குறையும். குளோரின் வேதிவினையால் உண்டாகும் துணைப்பொருட்களைக் குறைக்கச் சொல்லி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1998இல் விதி வகுத்திருந்தது. கிருமிநாசினி குறைந்தால் குழாயின் உட்சுவரில் பாக்டீரியாப் படலம் தடிக்கும், அதைத் தின்னும் அமீபாவும் பெருகும் என்பது குழுவின் கருதுகோள்.

கருதுகோளாகவே அது நின்றது, நிரூபணமாகவில்லை. ஆனால் அந்தச் சிந்தனையின் திசை சரி என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அமீபா நீரில் மிதந்து வாழும் உயிரியல்ல. நீர் வெறும் வண்டிதான். அது வாழ்வது சுவரில். குழாயின் உட்புறத்தை விரலால் தடவினால் வழவழப்பாக ஒன்று தட்டுப்படுமே, அந்தப் படலத்தில்தான் அதன் உணவும் இருப்பிடமும்.

விசாரணை

நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2007 ஜனவரியில் நாடெங்கும் 22 கண் மருத்துவ மையங்களிடம் பழைய பதிவேடுகளைக் கேட்டது. 13 மையங்களின் விவரங்கள் வந்தன. 2004 முதல் எண்ணிக்கை ஏறியிருந்தது, அதுவும் சிகாகோவில் மட்டுமல்ல. மார்ச் மாதம் பல மாநில விசாரணை தொடங்கியது. மே மாதக் கடைசிக்குள் 35 மாநிலங்களிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் 138 பேருக்கு வளர்ப்புச் சோதனையில் நோய் உறுதியாகியிருந்தது.

நோயாளிகள் என்ன செய்தார்கள் என்று கேட்டால் மட்டும் போதாது, நோய் வராதவர்கள் என்ன செய்தார்கள் என்றும் தெரிய வேண்டும். அதற்கான ஆட்களைப் புதிதாகத் தேடிக்கொண்டிருந்தால் மாதங்கள் ஓடியிருக்கும். இங்கே ஒரு பழைய விசாரணை கைகொடுத்தது. முந்தைய ஆண்டு, 2006இல், வேறொரு லென்ஸ் கரைசலோடு தொடர்புடைய ஃபுசேரியம் பூஞ்சைத் தொற்று பரவியபோது, நோயில்லாத லென்ஸ் பயனாளர்களைச் சி.டி.சி. பேட்டி கண்டிருந்தது. அந்த விவரங்களை எடுத்து ஒப்பிட்டார்கள். பேட்டி முடிந்த 46 நோயாளிகளில் 39 பேர் சாஃப்ட் லென்ஸ் அணிந்தவர்கள். அவர்களில் 21 பேர், நோய் தொடங்குவதற்கு முந்தைய மாதத்தில், அட்வான்ஸ்டு மெடிக்கல் ஆப்டிக்ஸ் நிறுவனத்தின் கம்ப்ளீட் மாய்ஸ்சர்பிளஸ் கரைசலைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதைப் பயன்படுத்துவோருக்கு ஆபத்து குறைந்தது ஏழு மடங்கு என்று கணக்கு வந்தது. 2007 மே 25 அன்று நிறுவனம் தானாகவே முன்வந்து கரைசலைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

முழு ஆய்வு 2009இல் வெளிவந்தது. 30 மாநிலங்களைச் சேர்ந்த 105 நோயாளிகள், அவர்களுக்கு இணையாக 184 நோயற்றவர்கள். நோயாளிகள் அந்தக் கரைசலைப் பயன்படுத்தியிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 16.9 மடங்கு. லென்ஸ் டப்பாவில் கிடக்கும் பழைய கரைசலைக் கொட்டாமல் அதன் மேலேயே புதியதை ஊற்றும் பழக்கம் 2.8 மடங்கு. 16.9 என்ற எண் தலைப்புச் செய்தியானது. 2.8 அவ்வளவாகப் பேசப்படவில்லை. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் சொல்கிறது.

காரணம் இதுதான். கரைசல் தொழிற்சாலையிலேயே மாசுபட்டிருந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அமீபா பாட்டிலோடு வரவில்லை. வீட்டுக் குளியலறையில், ஈரக் கையிலிருந்தும் குழாயிலிருந்தும் டப்பாவுக்குள் வந்து சேர்ந்தது. கரைசல் அதைக் கொல்லத் தவறியது என்பதே ஆய்வின் முடிவு. கொல்லப்படாத அமீபா அடுத்து என்ன செய்கிறது?

முதல் பரப்பு: டப்பாவின் சுவர்

லென்ஸ் டப்பா எப்போதும் ஈரமாக இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம். கண்ணீரிலுள்ள புரதமும் கொழுப்பும் லென்ஸ் வழியாக அதில் படியும். முதலில் பாக்டீரியா படலம் கட்டும், பிறகு அமீபா அந்தப் படலத்தில் ஏறி மேயும். படலத்துக்குள் இருப்பவற்றுக்குக் கிருமிநாசினி முழு வலுவோடு போய்ச் சேராது. பழைய கரைசலின் மேல் புதியதை ஊற்றும்போது கிருமிநாசினி நீர்த்துப்போகிறது, படலமோ கலையாமல் அப்படியே இருக்கிறது. மேலூற்றும் பழக்கத்தின் 2.8க்குப் பின்னால் இருப்பது இதுதான் என்று கொள்கிறேன். டப்பாவைக் காலி செய்து, துடைத்து, கவிழ்த்துக் காயவைப்பது படலத்தை உடைக்கும் செயல்.

இரண்டாம் பரப்பு: லென்ஸ்

லென்ஸில் ஒட்டுவது இயங்கு வடிவம்தான் அதிகம், கூடு வடிவம் குறைவு. நீட்சிகளோடு பரப்பைத் துழாவிப் பிடிக்கும் திறன் கூட்டுக்கு இல்லை. லென்ஸின் பொருளும் முக்கியம். கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தில் டாரா பீட்டியும் ஆலன் டாம்லின்சனும் மற்றவர்களும் செய்த சோதனை 2003இல் வெளியானது. அப்போது புதிதாக வந்திருந்த, இரவிலும் அணியக்கூடிய ஒரு சிலிகான் ஹைட்ரோஜெல் லென்ஸில், வழக்கமான ஹைட்ரோஜெல் லென்ஸைவிட மிக அதிகமான அமீபாக்கள் ஒட்டின. லென்ஸின்மேல் சூடோமோனாஸ் பாக்டீரியா படலம் கட்டியிருந்தால் ஒட்டுதல் இன்னும் கூடும் என்பதும் வேறு ஆய்வுகளில் தெரிந்தது. இப்படி ஒட்டியவை பெரும்பாலும் தளர்வாகவே ஒட்டியிருக்கின்றன. கரைசலை ஊற்றி விரலால் தேய்த்து அலசினால் பெரும்பகுதி போய்விடும்.

ஆனால் அந்தக் காலத்தில் பல கரைசல்கள் 'தேய்க்கத் தேவையில்லை' என்ற வாக்குறுதியோடு விற்றன. வசதிதான். அந்த வசதி பறித்துக்கொண்டது என்ன என்பதைப் பரப்புகளை வைத்துப் பார்க்கும்போதுதான் உணர முடிகிறது. வேதிப்பொருள் தோற்ற இடத்தில் விரல் செய்திருக்கக்கூடிய வேலையை அது பறித்துவிட்டது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2008 ஜூனில் கூட்டிய நிபுணர் குழு, தேய்த்துக் கழுவும் வழிமுறையை மீண்டும் கொண்டுவருவது பற்றி விவாதித்தது. கண் மருத்துவர்கள் இன்றும் நோயாளிகளுக்குச் சொல்வது தேய்த்துக் கழுவத்தான்.

மூன்றாம் பரப்பு: கருவிழி

இங்கேதான் அமீபா ஒட்டுண்ணியாகிறது. கருவிழிப் படலம் நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்பு. அதன் மேலடுக்கு ஐந்து முதல் ஏழு வரிசைச் செல்களால் ஆனது, 50 மைக்ரான் அளவே. காயமில்லாத மேலடுக்கு நல்ல அரண். டல்லாஸில் டெக்சாஸ் பல்கலைக்கழக சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையத்தில் ஜெர்ரி நீடர்கார்னின் குழு, அமீபா படிந்த லென்ஸ்களைச் சீன வெள்ளெலிகளின் கண்ணில் பொருத்திப் பார்த்தது. கீறல் இல்லாத கண்களில் நோய் பிடிக்கவில்லை. கீறல் இருந்த கண்களில் பிடித்தது.

கீறலால் என்ன மாறுகிறது? பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் நூர்ஜஹான் பஞ்வானி குழு பல ஆண்டுகள் உழைத்து இதை அவிழ்த்தது. அமீபாவின் மேல்சவ்வில் மேனோஸ் என்ற சர்க்கரையைப் பற்றும் புரதம் ஒன்று பதிந்திருக்கிறது. கருவிழிச் செல்களின் மேற்பரப்பிலுள்ள சில புரதங்களில் மேனோஸ் தொங்கிக்கொண்டிருக்கும். புரதம் அந்தச் சர்க்கரையைப் பிடித்ததும் ஒட்டுதல் உறுதியாகிறது. வளர்ப்புத் திரவத்தில் தனி மேனோஸைக் கலந்தால், அமீபாவின் பிடிகள் அதிலேயே நிரம்பிவிடுகின்றன; செல்லில் ஒட்டுவது நின்றுவிடுகிறது. 2004இல் அந்தப் புரதத்தின் மரபணுவையே அதே குழு பிரித்தெடுத்தது. காயம்பட்ட கருவிழியிலும், லென்ஸ் உரசிக்கொண்டிருக்கும் கருவிழியிலும் இந்த மேனோஸ் புரதங்கள் கூடுதலாக வெளிப்படுகின்றன. லென்ஸ், அமீபாவைச் சுமந்து வருவதோடு, அது பிடித்துக்கொள்ள வேண்டிய இடத்தையும் தயாராக வைக்கிறது.

அப்படியானால் மேனோஸைச் சொட்டு மருந்தாக விட்டுவிடலாமே என்று தோன்றும். முடியாது. மேனோஸ் பட்டதுமே அமீபா 133 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரதச் சிதைப்பு நொதியைச் சுரக்கிறது. கருவிழிச் செல்களைக் கொன்று, அடியிலிருக்கும் கொலாஜன் அடுக்கைக் கரைத்து வழியமைப்பது அதுதான். பற்றுவதும் தாக்குவதும் ஒரே சர்க்கரையால் தூண்டப்படுகின்றன. ஒட்டுதலை வெறும் முதல் படி என்று ஒதுக்க முடியாததற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. உள்ளே போன அமீபா கருவிழியின் நரம்புகளையொட்டிக் கூடுகிறது. அந்தத் தூக்கமில்லா வலிக்கு இது ஒரு காரணம்.

உடலும் ஒட்டுதலைத்தான் தடுக்கப் பார்க்கிறது. கண்ணீரில் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம் உண்டு. அது அமீபாவைக் கொல்வதில்லை, செல்லில் ஒட்டவிடாமல் செய்கிறது. இந்நோய் வந்தவர்களின் கண்ணீரில் அமீபாவுக்கெதிரான ஐ.ஜி.ஏ. மற்றவர்களைவிடக் குறைவாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். மேனோஸ் பற்றும் புரதத்தை வாய்வழியாகக் கொடுத்து வெள்ளெலிகளுக்கு ஓரளவு பாதுகாப்பு ஏற்படுத்தவும் முடிந்தது.

லென்ஸே இல்லாமலும் இந்த நோய் வரும் என்பதை நம் ஊர் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து சாவித்ரி சர்மா, எம். சீனிவாசன், செலின் ஜார்ஜ் மூவரும் 1990இலேயே லென்ஸ் அணியாதவர்களுக்கு வந்த அகாந்தமீபாத் தொற்றைப் பதிவு செய்தார்கள். வயல் வேலையில் கண்ணில் தூசியோ மண்ணோ படுவது, அழுக்கு நீரில் கண் கழுவுவது போன்றவை இங்கே வழி. அமெரிக்காவில் பதிவான முதல் நோயாளியும் 1973இல் கண்ணில் அடிபட்ட டெக்சாஸ் பண்ணையாளர் ஒருவர்தான். லென்ஸ் உரசலோ நெல் தூசியோ, கருவிழி காயப்பட்டதும் அமீபாவுக்குக் கிடைக்கும் பிடிமானம் ஒன்றே.

கரைசலுக்குள் நடந்தது

கம்ப்ளீட் மாய்ஸ்சர்பிளஸின் கிருமிநாசினி பி.எச்.எம்.பி., 0.0001 சதவீதம். இந்நோய்க்குக் கண்ணில் விடும் மருந்தும் பி.எச்.எம்.பி.தான், ஆனால் 0.02 சதவீதம். இருநூறு மடங்கு. அந்த வலுவிலேயே, தொடக்கத்தில் இரவும் பகலும் மணிக்கொரு தரம், பிறகு மாதக்கணக்கில் விட வேண்டியிருக்கிறது. டப்பாவில் ஓர் இரவு ஊறும் கரைசலிடம் அதே வேலையை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. ஆனால் மற்றக் கரைசல்களும் வலுக் குறைந்தவையே, பிறகு இது மட்டும் ஏன் தனித்து நின்றது?

இங்கிலாந்தில் சைமன் கில்விங்டன் குழு 2008இல் இதற்கு ஒரு விடை தந்தது. இந்தக் கரைசலில் ஊறிய இயங்கு வடிவ அமீபாக்கள் சாகாமல் உறைக்கூடுகளாக மாறின. கரைசலின் சேர்பொருட்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தும் கழித்துப் பார்த்தும் காரணத்தைத் தேடியபோது, லென்ஸ் உலராமல் இதமாக இருக்கச் சேர்த்த புரொப்பிலீன் கிளைக்கால்தான் அமீபாவைக் கூடு கட்டத் தூண்டியது. அளவைக் கூட்டினால் கூடுகளும் கூடின. கொல்ல வேண்டிய கரைசல் அமீபாவுக்குப் பாதுகாப்புக் கவசம் அணிவித்துக்கொண்டிருந்தது. கூடு வடிவம் ஒட்டுவதில் மந்தம் என்று மேலே சொன்னேன். ஆனால் டப்பாவில், உணவான பாக்டீரியா கிடைக்கும் படலத்தில், கூடு திரும்பத் திறக்கும். திறந்ததும் நீட்சிகள் மீண்டும் புறப்படும்.

இந்தக் குறை சந்தைக்கு வரும்முன் தெரியாமல் போனதற்குத் தனி மனிதர் யாரையும் குறை சொல்ல முடியாது, சோதனை முறையே அப்படி. லென்ஸ் கரைசல்களுக்கான, சர்வதேசத் தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 14729 தரம் ஐந்து உயிரிகளைக் கேட்கிறது: மூன்று பாக்டீரியாக்கள், கேண்டிடா என்ற ஈஸ்ட், ஃபுசேரியம் பூஞ்சை. அமீபா பட்டியலில் இல்லை. அடிப்படைச் சோதனையில் உயிரிகள் கரைசலில் மிதக்கின்றன. லென்ஸும் டப்பாவும் பக்கத்தில் இல்லை. நோய் பரப்புகளில் நடக்கிறது, சோதனை திரவத்தில் நடக்கிறது. 1980களின் நடுவில், உப்பு மாத்திரையைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வீட்டிலேயே லென்ஸ் கரைசல் செய்தவர்களிடம் இதே நோய் அமெரிக்காவில் பரவியது. அப்போதே அமீபாவைப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். இருபது ஆண்டுகள் அதற்குக் காலம் இருந்தது. 2007இன் நோயாளிகளில் பலருக்கு மருந்து பலிக்காமல் கருவிழி மாற்று அறுவை தேவைப்பட்டதை நினைக்கும்போது அந்த இருபது ஆண்டுகள் எனக்கு உறுத்துகின்றன.

பிறகு தரங்கள் மெல்ல நகர்ந்தன. கரைசலைத் தனியாகச் சோதிக்காமல் லென்ஸோடும் டப்பாவோடும் சேர்த்துச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 18259 2014இல் வந்தது. கரைசல் அமீபாவைக் கூடு கட்டத் தூண்டுகிறதா என்று அளக்கும் ஐ.எஸ்.ஓ. 19045 அடுத்த ஆண்டு வந்தது.

திரும்பப் பெற்ற பின்

கரைசல் கடைகளிலிருந்து போன பிறகு நோயாளிகளின் எண்ணிக்கை 2004க்கு முந்தைய நிலைக்கு இறங்கும் என்று எதிர்பார்த்தார்கள். இறங்கவில்லை. சி.டி.சி. மீண்டும் கண் மருத்துவ மையங்களைக் கேட்டபோதும், சிகாகோ குழு தன் பதிவுகளைப் பார்த்தபோதும், எண்ணிக்கை உயர்ந்தே இருந்தது. முதல் விசாரணையிலேயே இதற்கான குறிப்பு இருந்தது: நோயாளிகளில் கணிசமானோர் வேறு கரைசல்களைப் பயன்படுத்தியவர்கள்.

கடின லென்ஸ் அணிவோர் மத்தியில் சி.டி.சி. பின்னர் செய்த ஆய்வு காட்டிய காரணங்கள்: லென்ஸைக் குழாய் நீரில் வைப்பது, அணிந்தபடி தூங்குவது, பழைய கரைசல்மேல் புதியதை ஊற்றுவது. முதலாவது அமீபாவைக் கொண்டுவருகிறது, இரண்டாவது அதைக் கருவிழியோடு இரவு முழுக்க அழுத்தி வைக்கிறது, மூன்றாவது டப்பாச் சுவரில் அதை வாழவைக்கிறது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு 3 சதவீதக் கரைசலில் போதிய நேரம் ஊறினால் கூடுகளும் சாகின்றன. ஆனால் ஒரே படியில் பிளாட்டினத் தகட்டால் பெராக்ஸைடை உடனுக்குடன் செயலிழக்கச் செய்யும் வகைகளில் அந்த நேரம் கிடைப்பதில்லை. தினமும் எறிந்துவிடும் லென்ஸ் அணிபவருக்கு டப்பாவே வேண்டாம். அமீபா பற்றும் மூன்று பரப்புகளில் ஒன்று அங்கே இல்லாமலே போகிறது. கையை ஈரம் போகத் துடைத்துவிட்டு லென்ஸைத் தொட்டால், குளிக்கும்போதும் நீந்தும்போதும் கழற்றி வைத்தால், மற்ற இரண்டுக்கும் அமீபா வந்து சேரும் வாய்ப்பு பெரிதும் குறையும்.